சுவரொட்டி கொடுத்த கவ்வாத்துக்காரர்

அங்கமுத்து அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் பொன்னம்மாவின் போத்தலில் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து, என்னிடம் சொல்லாமல், வரிசையின் கடைசியில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். அந்தச் சொல் ஒவ்வொரு தலையாகத் தாண்டி முன்னால் வந்தது. பொன்னம்மாவின் காதில் விழுந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்க அண்ணே போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு, பாதி ஊற்றிய போத்தலை என் கையிலேயே விட்டுவிட்டு நடந்தார். ஐந்து நிமிடத்தில் வாசலில் ஒருவரும் இல்லை. காய்ச்சல்காரர்கள்கூட மேட்டில் ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. நான் செத்தால் இப்படி ஒரு வரிசை கலையுமா என்றுதான் நினைத்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடுவோம், அங்கே வாசிக்க நீங்கள்தான் எழுதித் தரவேண்டும் என்று எங்கள் தோட்டத்து வாத்தியார் வந்து கேட்டார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் விடவில்லை. "நீங்க வைத்தியம் பாக்குறவரு, அவரும் வைத்தியம் மாதிரி ஒன்னு பாத்தாரு, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்ன அந்த 'மாதிரி ஒன்னு' எனக்குக் கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது. செத்துப்போன மனிதரோடு போட்டி போடுகிற ஆளிடம்தான் வாத்தியார் அஞ்சலி எழுதச் சொல்லியிருக்கிறார்.

அங்கமுத்து அவர்கள் உயிரோடிருந்தவரை நான் அவரை 'அவர்' என்று சொன்னதில்லை. "வா அங்கமுத்து, என்ன வேணும்" என்றுதான் பேசுவேன். ஆபீசில், டிஸ்பென்சரியில் வேலை செய்கிற நாங்கள், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர்களிடம் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். என்னைவிட அவர் பத்து வயது மூத்தவர். அவர் ஒருநாளும் என்னை 'ஐயா' போடாமல் அழைத்ததில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கமுத்து அவர்கள் பூண்டுலோயாவில் பிறந்து, மூக்காயி அம்மாளைக் கட்டிக்கொண்டு, பெண் எடுத்த தோட்டத்துக்கே வந்து தங்கியவர். குள்ளமான ஆள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி முன்கை இரண்டும் முறுக்கேறி, கீறல் தழும்பாய் இருக்கும். ஒரு பழைய கறுப்புக் கோட்டு. பேச்சு குறைவு. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டு லயத்துக்குப் பின்னால் ஆடு வெட்டுவதும் அவர்தான். அதற்காகத்தான் அவரைத் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் தெரியும்.

இலங்கை சுதந்திரமடைந்த வருடம் நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். கந்தப்பளையில் பிறந்தவன், படித்துச் சான்றிதழ் வாங்கியவன், வெள்ளைக் கோட்டுப் போட்டவன். டிக்கோயாவிலிருந்து மூன்று கல் மேலே இருக்கிற இந்த டிஸ்பென்சரிக்கு என்னை அனுப்பினார்கள். தோட்டத்தில் அப்போது முக்கால்வாசிப் பேருக்குச் சோகை. செருப்பில்லாத காலில் கொக்கிப் புழு ஏறி, உள்ளே இருந்து ரத்தத்தைக் குடித்துவிடும். பிள்ளை பெற்ற பெண்கள் மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் புழு மருந்து கொடுத்தேன். அதன்பின் இரும்பு மிக்சர் கொடுத்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கினால் எப்படி இருக்கும், அதுதான் அதன் ருசி. ஆனால் அது நல்ல மருந்து. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல மருந்து.

வந்த ஆறாம் மாதம் ஆடு வெட்டுகிற இடத்துக்கு நானும் போனேன். கறியை இலைகளில் கூறு கூறாய் வைத்திருந்தார்கள். அங்கமுத்து அவர்கள் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க, இவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு பெயரைச் சொன்னார். அப்படியே கடைசிக் கூறு வரைக்கும். எலும்பு கூடிவிட்டது, கொழுப்புக் குறைந்துவிட்டது என்று யாரும் வாய் திறக்க முடியாது. பார்க்காதவர் எப்படிப் பாரபட்சம் காட்டுவார்?

ஆனால் கூறு போடுமுன்பே ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருந்தார். சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல்தான் அது. உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு, சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எறிந்து பார்த்தவர் யாரையும் நான் கண்டதில்லை. பங்கு வைக்க முடியாத அளவுக்குச் சிறிசு என்பதால், வெட்டுகிறவருக்கே சுவரொட்டியும் ஒரு துண்டு ஈரலும் என்பது வழக்கம். இந்த மனிதர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இலையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாசம் யாரு ரொம்ப வெளுத்துப் போயிருக்கா?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். இவர் ஒவ்வொருத்தரிடமும் போய், கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அது நான் படித்த படிப்பு. சோகையா என்று பார்க்க நான் டிஸ்பென்சரியில் செய்கிற வேலை. வாசலில் நின்று பார்த்தே அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆட்டு ரத்தம் காயாத கையோடு, ஒரு கட்டணம் இல்லாமல், ஒரு சான்றிதழ் இல்லாமல் அதைச் செய்கிறார். என்னிடம் இமையைக் காட்டக் கூச்சப்படுகிற பெண்கள் அவரிடம் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்குச் சுவரொட்டி பொன்னம்மாவுக்குப் போனது. "தணல்ல வாட்டி, மொளகும் உப்பும் போட்டு நீயே சாப்பிடு. புள்ளைக்கும் புருசனுக்கும் பிச்சுக் குடுத்தேன்னு கேள்விப்பட்டா அடுத்த மாசம் கெடையாது" என்றார். பொன்னம்மா மூன்று மாதமாக என் மிக்சரைக் குடித்துக்கொண்டிருந்தவர். பல் கறுத்ததுதான் மிச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இரும்பு உள்ளே சேர்ந்து முகம் தெளிகிற நேரம் அது. அந்த நேரம் பார்த்து இரண்டு சுவரொட்டி சாப்பிட்டார். எழுந்து மலைக்குப் போனார். போகிற வழியில் கண்ட பேரிடமெல்லாம், "அங்கமுத்து அண்ணே குடுத்த சுவரொட்டியில எந்திரிச்சேன்" என்று சொன்னார். மூன்று மாதம் ஊற்றிக் கொடுத்தவன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. பொன்னம்மா முன்வரிசையில் இருப்பார், கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு வயிறு எரிந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

நம் சனங்களுக்கு மருந்து என்றால் பத்தியம் இருக்கவேண்டும். மாத்திரையைக் கையில் வாங்கியதும், "என்னா பத்தியம்ங்கய்யா?" என்பார்கள். இங்கிலீசு மருந்துக்குப் பத்தியம் இல்லை என்று ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொன்னேன். அவர்கள் முகம் வாடிவிடும். பத்தியமில்லாத மருந்தும் ஒரு மருந்தா என்று வேலியில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதனால் நானே பத்தியம் கட்ட ஆரம்பித்தேன். இருமல் மருந்துக்குக் கருவாடு ஆகாது. காய்ச்சல் மாத்திரைக்குக் கத்தரிக்காய் ஆகாது. எல்லாம் என் வாயில் வந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை, மருந்தை ஒழுங்காகக் குடித்தார்கள்.

பொன்னம்மா எழுந்து நடந்த மாதம், ஒரு திங்கட்கிழமை, வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டார். "ஐயா, இந்த மிக்சருக்கு என்னா பத்தியம்?" எல்லோரும் கேட்கும்படி நான் சொன்னேன்: "ஈரல் தொடக்கூடாது. சுவரொட்டி தொடவே கூடாது. ரெண்டும் சேந்தா வயித்துல கட்டி வச்சிரும்."

பொய். சுத்தப் பொய். இரும்பு மிக்சர் குடிக்கிறவர் ஈரலும் சுவரொட்டியும் சாப்பிட்டால் நல்லது. அவற்றிலும் இரும்புதான் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் காலை பெரட்டில் பேர் பதிந்து முடிந்ததும் அங்கமுத்து அவர்கள் டிஸ்பென்சரிக்கு வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஐயா, மருந்தும் சுவரொட்டியும் சேரக்கூடாதுன்னு சொன்னீங்களாம்."

"ஆமா."

"கட்டி வச்சிருமுங்களா?"

"வச்சிரும்."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்ன பதில் சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர், "நல்ல வேளை சொன்னீங்க. தெரியாம ரெண்டு மூணு பேருக்குக் குடுத்துட்டேன், அவுங்களுக்கு ஒன்னும் ஆகாதுங்களே?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆடு வெட்டுகிற நாளில் இமையை இழுத்துப் பார்க்குமுன், "டொக்டரய்யா மருந்து குடிக்கிறியா?" என்று கேட்பார். ஆமென்றால் சுவரொட்டி இல்லை. நான் போட்ட சட்டத்தை என்னைவிட ஒழுங்காக அவர்தான் காத்தார்.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றதும் சனம் ஈரல், சுவரொட்டிப் பக்கம் போனது. மிக்சருக்கு வருகிற போத்தல் பாதியாய்க் குறைந்தது. என் வாயாலேயே என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லவும் முடியவில்லை.

வீட்டில் என்றால் தெரேசா. என் மனைவி. இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள். குசினிக்கும் வாசலுக்கும் இடையில் மூன்று படி, அதை ஏறினால் மூச்சு வாங்கும். இரும்பு மிக்சரை நானே அளந்து, தினம் மூன்று வேளைக்கு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

நான்கு மாதத்தில் தெரேசாவின் கன்னத்தில் ரத்தம் வந்தது. ஐந்தாம் மாதம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதத்துக்கு ஒருதரம் பார்வையிட வருகிற பெரிய டாக்டரை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, மனைவியை முன்னால் நிறுத்தி, என் மிக்சரைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அவர் ஏதோ சிரிப்பாகச் சொன்னார். தெரேசாவும் சிரித்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் பல் வெள்ளையாய் இருந்தது.

இரும்பு மிக்சரை மாதக்கணக்கில் குடிப்பவர் பல்லில் கறுப்புப் படியாமல் இருக்காது. என் வரிசையில் நிற்கிறவர்கள் வாயைத் திறந்தாலே யார் ஒழுங்காய்க் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் போனதும் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"உங்க மருந்து வாசல்ல இருக்குற குரோட்டன் செடிக்குத்தான் போச்சு. எனக்கு வாயில வச்சாலே கொமட்டுது."

"பிறகு?"

"அங்கமுத்து அண்ணே சுவரொட்டி குடுத்துவிட்டாரு. நம்ம தோட்டத்துல வெட்டாத வாரம் அட்டன் கடையில வாங்கி மூக்காயி அக்காகிட்ட குடுத்தனுப்புவாரு. மொதல்ல என்கிட்ட வந்து கேட்டாரு, டொக்டரய்யா மருந்து குடிக்கிறீங்களாம்மா, ரெண்டும் சேராதுன்னு ஐயா சொல்லியிருக்காரு, ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்கன்னாரு. நான் இதுன்னேன்."

என் மனைவி. என் வீட்டில், என் மேசையில், நான் அளந்து வைத்த மருந்தைத் தள்ளிவிட்டு, அந்த மனிதர் கொடுத்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதோடு 'அண்ணே' என்கிறாள். எங்கள் வீட்டுக் குசினி வாசலைத் தாண்டி உள்ளே வராத மனிதர் அவளுக்கு அண்ணனாகிவிட்டார். கட்டினவளைப் பறிகொடுத்தவன் மாதிரி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் பிழைத்திருக்கிறாளே, பிள்ளைக்குத் தாய் கிடைத்திருக்கிறாளே என்று மூன்றாம் நாள்தான் மனம் நினைத்தது. அதுவும் அரைமனதாக.

அன்றைக்கே தெரேசா கேட்டாள். "நெசமாவே ரெண்டும் சேரக்கூடாதா?"

"சேரக்கூடாது" என்றேன்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. அவரை நான் வழியில் கண்டால் தலையை மட்டும் அசைப்பேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு நிற்பார். "அம்மா சொகமா இருக்காங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விகூட எனக்குக் குத்தும். யார் வைத்தியத்தில் சுகம் என்று நினைவுபடுத்துகிறார் என்று தோன்றும். அவர் மனதில் அப்படி ஒன்றும் இல்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றில் புண் வந்து ரத்தமாய் வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, தேற்றி, ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சீட்டு என்னிடம் வந்தது. இரும்பு மிக்சர் கொடுக்கவும், நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்லவும். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அங்கமுத்து அவர்கள் போத்தலோடு என் வரிசையில் நின்றார். இமையை இழுத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை. எனக்குள் ஒரு குரல், வந்தாயா என் வாசலுக்கு என்று கேட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் மிக்சரை ஒரு வேளை தவறாமல் குடித்தார். இரண்டு மாதத்தில் பல் கறுத்தது. முகம் தெளியவில்லை. லயத்தில் அப்போது வேறொருவர்தான் ஆடு வெட்டினார்; சுவரொட்டியை முதலில் அங்கமுத்து அவர்களின் லயத்துக் காம்பராவுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் தொடவில்லை. "டொக்டரய்யா மருந்து குடிக்கிறேன், ரெண்டும் சேராது" என்று திருப்பி அனுப்பினார். பத்துப் பேருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா என்று சொன்னாராம். மூக்காயி அம்மாள் அழுதும் கேட்கவில்லை.

தெரேசா இதைக் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அவரு வெளுத்துக்கிட்டே போறாரு. மருந்த நிப்பாட்டிட்டுச் சுவரொட்டி சாப்பிடச் சொல்லுங்க. இல்லாட்டி ரெண்டும் சேரும்னு சொல்லுங்க. எது நெசமோ அதைச் சொல்லுங்க."

நான் மேசையிலிருந்த போத்தலைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அட்டனுக்கு ஆள் அனுப்பி, சுவரொட்டியும் ஈரலும் வாங்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வேகவைத்து, மூடி போட்ட கோப்பையில் வைத்து என் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

மேட்டு லயத்துக்கு நான் அதுவரை அழைப்பு வந்தால்தான் போயிருக்கிறேன், மருந்துப் பெட்டியோடு. அன்று கோப்பையோடு ஏறினேன். வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன்.

"ஐயா, மருந்து குடிக்கிறேனுங்களே."

"சாப்பிடு அங்கமுத்து."

"ரெண்டும் சேராதுங்களே."

"சேரும். எப்பவும் சேரும். நான் சொன்னது பொய்."

அவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க?" என்று கேட்டார்.

"பொறாமை" என்றேன். "பொன்னம்மா உன் பேரைச் சொன்னா. அதுதான்."

அவர் கோபப்பட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப சின்னத்தாயிக்குக் குடுத்திருக்கலாமுங்களா?"

சின்னத்தாயியைப் பற்றி நான் வரிசைப்படி முன்பே எழுதியிருக்கவேண்டும். எழுத முடியாமல் தாண்டி வந்துவிட்டேன். கீழ் லயத்துச் சுப்பையாவின் மனைவி. மற்றவர்கள் எல்லாம் சுவரொட்டிப் பக்கம் போனபோது, டொக்டரய்யா சொன்னதுதான் சரி என்று என் மிக்சரை விடாமல் குடித்தவர். அங்கமுத்து அவர்கள் சுவரொட்டியோடு அந்த வாசல் வரை போய், மருந்து குடிக்கிறாள் என்று கேட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மூன்று மாதம் அப்படி மூன்று தடவை. நான்காம் மாதம் சின்னத்தாயி இறந்துபோனார். அவருக்கு நெஞ்சிலும் கோளாறு இருந்தது. மூன்று சுவரொட்டி அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. காப்பாற்றியிருக்காது என்றும் எனக்குத் தெரியாது.

"குடுத்திருக்கலாம்" என்றேன்.

அங்கமுத்து அவர்கள் தலை குனிந்துகொண்டார். "வாச வரைக்கும் கொண்டு போனேங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கோப்பையை எடுத்து, ஒவ்வொரு துண்டாக மென்று, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "இதை வெளிய சொல்லாதீங்கய்யா" என்றார்.

"எப்படிச் சொல்லாம இருக்கிறது? எல்லாரும் இன்னும் பத்தியம் காக்குறாங்களே."

"நீங்க பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா நாளைக்குப் புழு மருந்தையும் ஒருத்தனும் குடிக்க மாட்டான். புள்ளைங்க செத்துரும். ஒன்னு செய்யுங்க. புது மருந்து வந்திருக்கு, அதுக்கு இந்தப் பத்தியம் கெடையாதுன்னு சொல்லுங்க. சுவரொட்டி, ஈரல் சேத்துச் சாப்பிட்டாத்தான் இது புடிக்கும்னு சொல்லுங்க."

படிக்காத மனிதர், ரத்தமில்லாத உடம்போடு உட்கார்ந்துகொண்டு, என்னைச் சேற்றிலிருந்து தூக்கிவிட ஐந்து நிமிடத்தில் வழி சொன்னார். அந்த யோசனைகூட எனக்கு வரவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அவர் சொன்னபடியே செய்தேன். பழைய மிக்சரில் கொஞ்சம் பெப்பர்மிண்ட் தண்ணீர் சேர்த்தேன். வாசனை மாறியது. "புது மருந்து, கொழும்பிலேருந்து வந்திருக்கு. பத்தியம் இல்ல. ஈரலும் சுவரொட்டியும் கட்டாயம் சாப்பிடணும்" என்று வரிசையில் சொன்னேன். சனம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டது. இந்த ஆறேழு மாதத்தில் தோட்டத்தில் எத்தனை முகம் தெளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். "பெப்பர்மிண்ட் மருந்து கைகண்ட மருந்து" என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் போத்தலோடு வருகிறார்கள். பதினாறு வருடம் நான் எதற்கு ஏங்கினேனோ அந்தப் பெயர் எனக்குக் கிடைத்துவிட்டது. அவர் கொடுத்த பெயர் அது.

அங்கமுத்து அவர்களும் கொஞ்சம் தேறினார். நடந்து கவ்வாத்து மலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாரத்துக்கு ஒருதரம் தெரேசா சமைத்ததை நானே கொண்டுபோனேன். "அம்மா கைப்பக்குவம்" என்று சொல்லிச் சாப்பிடுவார். மற்றதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. போன மாதம் புண் மறுபடி உடைந்து, ஒரே இரவில் ரத்தம் போய், ஆஸ்பத்திரி லாரி வருமுன் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு நானும் போனேன். எல்லோரும் மண் போட்டார்கள். மண் போட்டுவிட்டுச் சுப்பையா நேராக என்னிடம் வந்தார். சின்னத்தாயியின் புருஷன். அவருடைய மகளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு சோகை, நான்தான் மருந்து கொடுத்தேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அந்தக் கூட்டத்தில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மவள எந்திரிக்க வச்சது உங்க பெப்பர்மிண்ட் மருந்துதானுங்கய்யா. அவ ஆத்தா காலத்துல இந்த மருந்து வராமப் போச்சே" என்றார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன்.

இதை வாத்தியார் வாசிப்பதாகச் சொன்னார். வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சுப்பையா அண்ணே, நீங்கள் வந்திருப்பீர்கள். அந்த மருந்து உங்கள் மனைவி காலத்திலும் இருந்தது. அதையேதான் அவரும் குடித்தார். அதோடு சாப்பிடவேண்டியது உங்கள் வாசல் வரைக்கும் வந்தது. என் ஒரு வார்த்தையால் திரும்பிப் போனது. அன்று நீங்கள் போட்ட கும்பிடை எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுக்கிறேன். எனக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைக் கொடுங்கள். மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை நம்பாவிட்டாலும் பிள்ளைகளுக்குப் புழு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சுவரொட்டியையும் நிறுத்திவிடாதீர்கள்.

அங்கமுத்து அண்ணே, வெளியே சொல்லாதீர்கள் என்றீர்கள். சொல்லிவிட்டேன். இந்தத் தோட்டத்தில் உங்கள் சொல்லைத் தட்டியவன் நான் ஒருவன்தான். உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதை இன்னும் என்னால் நிறுத்த முடியவில்லை. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். போய் வாருங்கள்.